சிங்காரத்தின் பங்கு

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், செவந்தியும் அவள் அண்ணன் கதிரேசனும் வீட்டுச் சாமான்களைக் கூடத்தில் இரண்டு பங்காகப் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் மூன்று பங்கு இருந்தது. மூன்றாவதில் ஒரு சின்ன வெள்ளித் தம்ளர், பால் சங்கு, கிலுகிலுப்பை. எல்லாமே நனைந்திருந்தன.

"என்ன செவந்தி, விளையாடுறியா?"

"நான் உன்கூடத்தானே சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்?"

சின்ன வயதிலேயே கொல்லைக் கிணற்றில் விழுந்து செத்துப்போன தம்பி சிங்காரத்தின் நினைவு அவளுக்கு வந்தது. கதிரேசன் வீம்பாகக் குனிந்து தம்ளரைத் தொட்டான். தொட்ட கையை இழுக்க முடியவில்லை.

"யாரோ புடிச்சிருக்காங்க செவந்தி" என்றான். அவன் மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவள் மண்டியிட்டுக் கும்பிட்டாள். "விட்டுடுடா தம்பி. நம்ம அண்ணன்டா. உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்க."

கை விடுபட்டது. தம்ளர் உருண்டு கிடந்தது. ஈரமான சின்னக் காலடிகள் ஒவ்வொன்றாகத் தரையில் பதிந்து, சாமான்களையெல்லாம் கடந்து, அம்மா படுத்திருந்த அறைக்குள் போயின. நடமாட்டமில்லாத அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று காலையிலிருந்து அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"வந்துட்டியா கண்ணு?" அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "இருடா, புடவையச் சரி பண்ணிக்கிறேன்."

அறையிலிருந்து கொல்லைக்குத் திறக்கும் கதவின் தாழ்ப்பாள் விலகியது. இருவரும் கூடத்தை விட்டு நகரவில்லை.