சொல்லை வெட்டிய இடம்

பக்கவாதம் வந்த கணவர் குலேந்திரனைச் சக்கர நாற்காலியில் வைத்து, நெதர்லாந்து ஆஸ்பத்திரியொன்றின் நடைவழியில் தள்ளிக்கொண்டு போனாள் மங்களேஸ்வரி. ஒரு கதவில் நீளமான சொல் ஒன்று ஒட்டியிருந்தது. நீண்ட சொல்லைக் கண்டால் பயப்படாமல் துண்டாக வெட்டிப் பார்க்கும்படி டச்சு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வெட்டினாள். ‘மஸ்ஸா’ என்றால் கூட்டம். ‘கெபெட்’ என்றால் பிரார்த்தனை.

“இஞ்ச எல்லாருமாச் சேர்ந்து கும்பிடுகினம் போல. நாங்களும் போவம்.”

“எந்தச் சாமியாம்?” என்றார் அவர், கோணிய வாயால்.

“அது போடேல்லை.”

உள்ளே ஆளில்லை. உயரமான கட்டில் ஒன்றுதான் நின்றது. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள். பின்னால் வந்த தாதி அவள் கும்பிடும் காரணத்தைக் கேட்டறிந்தாள், சிரிக்கவில்லை. கதவருகே அழைத்துப்போய், சொல்லின் நடுவிலிருந்த ‘g’, ‘e’ என்ற இரண்டு எழுத்துகளை முன்துண்டோடு சேர்த்து விரலால் பிரித்துக் காட்டினாள். மசாஜ். பெட்.

கட்டிலில் கிடத்தியதும் குலேந்திரன் கேட்டார்: “அப்ப கும்பிடத் தேவையில்லையே?”

“கொஞ்சம் பொறுங்கோ” என்றாள் மங்களேஸ்வரி.

தாதி உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, இரண்டு கைகளையும் சேர்த்துச் சூடுவரத் தேய்த்தாள். பிறகு அவருடைய மரத்துப்போன காலுக்கு நேரே, கண்களை மூடி, சேர்த்த கைகளைப் பிரிக்காமல் அப்படியே சிறிது நேரம் நின்றாள்.