முழங்கால் ஜெபம்

தேஹு ரோடு வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்: டக்ளஸ், மனைவி சத்தியவதி, நீட் தேர்வுக்குப் படித்துப் படித்து நேற்று மயங்கி விழுந்த மகள் கெசியா.

மத்தியானம் டக்ளஸ் மாதிரி வினாத்தாளோடு மகளின் அறைக்குள் நுழைந்தார். கெசியா முழங்காலில் நின்று கட்டிலில் முகம் புதைத்திருந்தாள். பக்கத்தில் சத்தியவதி.

"இன்னும் எவ்வளவு நேரம்ட்டி? பேப்பர் எழுத வேண்டாமா?"

"பாரத்தோட ஜெபம் பண்ணுதா. ஜெபத்தைக் கலைச்சா பாவம்லா?"

டக்ளஸ் நிலைகொள்ளாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "மார்க் குறைஞ்சா கர்த்தரா வந்து சீட்டு வாங்கித் தருவாரு?"

கட்டிலிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம் வந்தது.

"என்னது அது?"

"அந்நிய பாஷை. பரிசுத்த ஆவி அவளுக்குள்ள பேசுது, அபிஷேகம் இறங்கிட்டு. சத்தம் போடாமப் போங்க."

டக்ளஸ் பயபக்தியோடு பூனை நடையாக வெளியேறினார். மகளுக்கு இப்படித் தூங்கச் சொல்லிக்கொடுத்த சத்தியவதி, அவர் பின்னாலேயே கதவைச் சாத்திப் பூட்டினாள்.