மெட்டில்லாத கிதார்

நாலாவது கம்பியை முறுக்க முறுக்க, கிதாரின் கழுத்து முனகியது.

இளங்கோவன் கையை எடுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

உடையவில்லை.

பேஸ் கிதார். கம்பி ஒவ்வொன்றும் பிரேக் ஒயர் பருமன். அந்த இழுப்புக்கு மரம் பிளந்தால் பொங்கலிலிருந்து செய்த வேலை அத்தனையும் குப்பை.

உடம்பு, மரவாடியில் ஒதுக்கிப் போட்டிருந்த பலாத் துண்டு. கழுத்து, ஒரு கல்யாண வரவேற்பில் மேடையிலிருந்து விழுந்து நொறுங்கிய கிதாரில் மிஞ்சியது. கம்பியின் அதிர்வை வாங்குகிற பிக்கப்பும் முறுக்காணியும் கூரியரில் வந்தவை. சுரத்துக்கு ஒன்றாகக் கழுத்தின் குறுக்கே பதித்திருந்த உலோக மெட்டுகள் தேய்ந்து கிடந்தன. குறடு போட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பள்ளங்களில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தான். பெயிண்டர் கைக்கு அது ஒன்றும் புது வேலை இல்லை.

இப்போது கழுத்து மொட்டையாக இருந்தது. விரலை எங்கே வைப்பது என்று காதுதான் சொல்ல வேண்டும்.

மரம் பிளப்பது இரண்டாவது பயம். முதல் பயம் கீழ்வீடு.

கீழே வத்ஸலா டீச்சர். செவிலிமேட்டில் இந்த மாடியை வாடகைக்கு விடும்போதே சொல்லிவிட்டார். கறி, மீன் கூடாது. சத்தம் கூடாது.

ஓரிக்கை காலனி என்றதும் கதவைச் சாத்திய வீடுகளை எல்லாம் ஏறி இறங்கிய பிறகு கிடைத்த வீடு. டீச்சர் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்கவில்லை. அவன் பெயரில் எதுவும் தெரியாது. மனைவியின் ஆதார் அட்டையில் புவனேஸ்வரி என்று இருந்தது. கூப்பிடுகிற பெயர் வேறு. அந்தப் பெயரை இந்த வீட்டுக்குள் அவன் கூப்பிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கிளம்பும்போது அம்மா வீட்டுக்கு என்று சொல்வார்கள். பொய் இல்லை. அங்கேயும் போவார்கள்.

நாளைக்கு ஞாயிறு. இதைப் பெட்ஷீட்டில் சுற்றி டீச்சர் கண்ணில் படாமல் எப்படி இறக்குவது என்பது வேறு மண்டையைக் குடைந்தது.

அவள் சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது.

"இன்னும் நல்லா முறுக்குய்யா. பொளந்துக்கினு போயி டீச்சர் தலையில விழட்டும்."

"சும்மா இரும்மா. தூங்கிக்கினு இருக்காங்க."

மத்தியானம் டீச்சர் தூங்குகிற நேரம். ஆம்ப்ளிஃபயரும் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் கட்டில்மேல் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தான்.

கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. எதிர்வீட்டு டிவி நின்றது. தெருவே வாயை மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கம்பி நழுவி இரும்புக் கட்டிலின் சட்டத்தில் அடித்தது. சத்தம் கட்டில் கால் வழியாகத் தரைக்குள் இறங்கியது.

படியில் செருப்புச் சத்தம்.

மறைக்க இடமில்லை. கிதார் பாதிக் கட்டிலை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"சாரி டீச்சர். கை தவறிடுச்சு."

டீச்சர் உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார்.

"மெட்டே இல்லையே! கோட்டு வாத்யம் மாதிரின்னா இருக்கு. நீயே பண்ணினதா?"

தலையாட்டினான்.

"கம்பியை மாட்டு. வாசி, கேப்போம்."

தெரிந்த பாட்டெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. வேறு எதையும் அவன் வாசித்ததில்லை.

கம்பியை மாட்டி, போனில் சுதி பார்க்கிற சாக்கில் யோசித்தான். பேஸ் கிதாரில் பாட்டு வராது. பாட்டுக்கு அடியில் ஓடுகிற சுரங்கள்தான் வரும். அதை வைத்து யார் என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

ஆராதனை முடியும்போது எல்லோரும் எழுந்து நின்று பாடுகிற பாட்டின் அடியை மெதுவாக வாசித்தான். விரல் தப்பியது. நகர்த்திப் பிடித்தான். கரண்ட் இல்லாத வீட்டில் அந்தச் சின்னச் சத்தமே போதுமாக இருந்தது.

டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு வாய்க்குள் முனகத் தொடங்கினார்.

அந்தப் பாட்டைத்தான். அவன் வாசிக்காத மேல் பாட்டை, கொஞ்சமும் பிசகாமல்.

அவன் விரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்தறே? கான்வென்ட்ல படிச்சவ நான். தெனம் அசெம்பிளியில இதான். ரெண்டாவது சரணம் மட்டும் மறந்து தொலைஞ்சுடுத்து."

டீச்சர் சிரித்தார். நெஞ்சுக்குள் இத்தனை மாதமாக இறுக்கிப் பிடித்திருந்ததை அவன் அப்படியே விட்டுவிட்டான்.

"எஸ்தரு, நீ எடுத்துக் குடும்மா."

பெயர் வெளியே விழுந்ததை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். டீச்சர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது.

அவள் பாடினாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, முழுக் குரலில். குடிவந்த நாளிலிருந்து குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் முணுமுணுத்தவள்தான். கடைசி வரியில் டீச்சரும் சேர்ந்துகொண்டார்.

முடிந்ததும் டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"ரொம்ப நன்னா பாடறே. வாத்யமும் நன்னா அமைஞ்சுடுத்து."

செருப்பை மாட்டிக்கொண்டார். இரண்டு படி இறங்கி நின்று, திரும்பி அவள் வயிற்றைப் பார்த்தார்.

"ஆனிக்குள்ள வேற எடம் பாத்துக்கோங்கோ. மாசமா இருக்கற பொண்ணை வெச்சுண்டு ஆடியில குடி மாறப்படாது."

ஆனி பாதி போயிருந்தது.