வாய்மொழித் தேர்வு

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டின் தலைப்பு, ‘அதிகாரமும் உணர்ச்சியும்: ஆரம்பகாலச் சமூகவியலாளர்களின் பார்வை.’

குண்டானவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எதிரே ஒல்லியானவர் நுனியில் உட்கார்ந்து, ஏசியிலும் வியர்த்துக்கொண்டிருந்தார். இன்று எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் கல்லூரியில் அவர் வேலை நிரந்தரமாகும்.

“ஏன் தம்பி நடுங்குறே? தைரியமாப் பேசு” என்றார் குண்டானவர்.

“நல்லாத் தயார் பண்ணிட்டுத்தான் வந்தேங்கய்யா...”

“அப்ப சட்டுபுட்டுனு ஆரம்பி. பயம் எங்கேருந்து வருது?”

“எதிர்ல இருக்கிறவர்கிட்ட அதிகாரம் கூடக்கூட நமக்குப் பயம் வருதுங்கய்யா. வெளியில கேட்டா மரியாதைன்னு சொல்லிக்குவோம்.”

“அட, பிரமாதம்! உன் சொந்தச் சரக்கா?”

ஒல்லியானவர் மேசையிலிருந்த ஆய்வேட்டைத் திறந்து காட்டினார். “இல்லீங்கய்யா. உங்க ஆய்வேட்டுல முதல் பக்கத்துலயே இருக்கு.”

“அப்படியா? நல்லாத்தான் எழுதியிருக்கேன்!” என்றபடி எழுந்தார் கல்லூரித் தாளாளர். “அப்ப நான் பாஸ்தானே?”

“பாஸ்தாங்கய்யா, டாக்டர் ஐயா!” தேர்வாளரும் துள்ளி எழுந்தார். “அப்புறம்... என் வேலை விஷயம்?”

“வெளியில உட்காரு. முடிவைக் கூப்பிட்டுச் சொல்றேன்.”