துளை எந்திரத்துக்கு முன்னால்

பனிநாட்டுச் சுரங்க ஊரான கிருனாவுக்கு வடக்கே, உறைந்த ஏரிக்கரையில், துளை எந்திரம் காதைக் கிழிக்கிறது. அடுத்த துளைக்கு அடையாளக் குச்சி நட்டிருந்த இடத்தில் பனிவண்டியைக் குறுக்கே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து காப்பி கொதிக்க வைக்கிறார் பீரா. சரிவில் அவருடைய பனிமான் மந்தை மிரண்டு நிற்கிறது. அத்தனையும் சினைமான்கள். பனி இளகுவதற்குள் ஏரியைத் தாண்டி, குட்டி போடும் மலைக்குப் போயாக வேண்டும். இந்த இரைச்சலில் ஒன்றுகூடக் கால் எடுத்து வைக்காது. முன்னோடி மானின் கயிற்றைப் பிடித்தபடி தங்கை ரிஸ்டின் காத்திருக்கிறாள். தலைக்கவசம் போட்ட சுரங்கப் பொறியாளர் லின்னியா தாளும் பேனாவுமாக வருகிறாள்.

"ஐயா, கீழே இரும்போட அரிய மண் உலோகமும் கிடக்கு. மின்சாரக் காருக்கு வேணும், உலகத்துக்கே நல்லது. எந்திரத்தை நிறுத்தணும்னா காரணம் எழுதணும். எத்தனை மான் வச்சிருக்கீங்க?"

ரிஸ்டின் சிரித்துவிடுகிறாள். மந்தைக்காரனிடம் அந்தக் கேள்வியை இங்கே யாரும் கேட்பதில்லை; பணப்பெட்டியில் எவ்வளவு என்று கேட்பது போல அது.

"உன் பெட்டியில எத்தனை உள்பாவாடைன்னு நான் கேட்டேனா, பொண்ணே?"

"சொல்லாட்டி நிறுத்த முடியாதுங்க."

"நிறுத்தாதே. அடுத்த துளைய என் மடியில போடு." பீரா ஊர் வழக்கப்படி பாலாடைக்கட்டியை நறுக்கிக் காப்பியில் போடுகிறார். "கல்லு எத்தனை காலமும் கிடக்கும். வயித்துக்குள்ள இருக்கிறது கிடக்காது."

லின்னியா சரிவைப் பார்க்கிறாள். தாளை மடித்துக்கொண்டு எந்திரக்காரனுக்குக் கை காட்டுகிறாள். இரைச்சல் அடங்குகிறது. ரிஸ்டின் கயிற்றை இழுக்க, மந்தை இறங்குகிறது. நடக்கும் மான்களின் கால் தசைநாண்கள் டிக் டிக்கென்று சொடுக்குவது ஏரியெங்கும் கேட்கிறது. லின்னியாவின் உதடு மெல்ல அசைகிறது.

"பாரு," என்கிறார் பீரா. "எண்ணாதே."