தெர்மாகோல் கோழி

"டார்ச் அடிக்கிறேன், சீக்கிரம் வா மேகலா. உள்ள அசையுது பாரு."

மேகலா அடுப்பை விட்டு நகரவில்லை. "குழம்பு பொங்கிடும். நீங்களே பாருங்க" என்றாள்.

அசையுமாம். அந்த முட்டைகளுக்குள் அசைய எதுவுமே கிடையாது என்பது அவளுக்கல்லவா தெரியும். பாவம், இளம்பரிதிக்கு ஆசை கண்ணை மறைக்கிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன் அவன். ஆர்டர் கம்மி என்று போன ஆடியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன்தான், சாப்பிடக்கூட இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. மேகலா வேறொரு கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து குடும்பத்தை ஓட்டினாள்.

திடீரென்று ஒருநாள் எழுந்தான். தெர்மாகோல் பெட்டி, பல்பு, சின்ன ஃபேன், சூடு காட்டும் மீட்டர் எல்லாம் வாங்கிவந்து, குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றைச் செய்தான். தெருவே அதற்குத் தெர்மாகோல் கோழி என்று பெயர் வைத்துச் சிரித்தது. பள்ளிகொண்டாவில் இருக்கும் அவன் அக்கா, தன் நாட்டுக்கோழி முட்டைகளைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். பெட்டிக்குள் ஒரு டஜன் முட்டை ஏறியது.

"இது பொரிச்சா நாட்டுக்கோழிப் பண்ணை. பொரிக்கலன்னா ஓசூர்ல தோஸ்த் கூப்பிடற கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்டறேன். மாசத்துக்கு ஒருவாட்டி வந்து உன்ன பாத்துட்டுப் போறேன்" என்றான்.

மாசத்துக்கு ஒருவாட்டி. அதைக் கேட்டதிலிருந்து மேகலாவுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

முட்டை வைத்த மறுநாள் காலையிலேயே அந்த அநியாயம் நடந்தது. குளிக்கப் போன இளம்பரிதி, முட்டைகளைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஒவ்வொன்றாகத் திருப்ப ஏது நேரம்? முட்டைகள் இருந்த தட்டையே வெளியே இழுத்தாள். தட்டு கையை விட்டுச் சறுக்கி, மொத்தமும் தரையில். ஒன்றுகூடத் தேறவில்லை.

அவன் குளித்துவிட்டு வருவதற்குள் தரையைத் துடைத்து, முனைக் கடைக்கு ஓடி, பார்க்க அதே மாதிரி இருந்த முட்டைகளை வாங்கிவந்து அடுக்கிவிட்டாள். பஸ் போயே போய்விட்டது. கடை முட்டை, சேவல் முகமே பார்க்காத கோழி போட்டது. வருஷம் முழுக்க பல்பு எரிந்தாலும் அது அழுகுமே தவிரப் பொரியாது.

அவன் டார்ச் அடித்துப் பார்த்த மறுநாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஷஹீன் பானுவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பொரிக்கிற மூணு வாரக் கணக்கு நேத்தோட தாண்டிடுச்சு பானு. அவர் இன்னாடான்னா இன்னும் நாள் இருக்குன்றாரு. நரம்பு ஓடுதுன்றாரு, அசையுதுன்றாரு. எனக்குப் பயமா இருக்கு."

"பேஜார் ஆகாத. சந்தையில குஞ்சு விக்கிறாங்க இல்ல? நாலு வாங்கி உள்ள விட்டுடு."

"அதெல்லாம் ரோஸு, பச்சைன்னு கலர் அடிச்சது. பச்சைக் குஞ்சைக் காட்டி நாட்டுக்கோழின்னா நம்புவாரா?"

"அப்ப உண்மைய சொல்லிடு. உன் வீட்டுக்காரர்தானே, அடிக்கவா போறாரு?"

"அடிச்சாகூடத் தேவலை. ஓசூருக்குப் போய்டுவாரே."

இருந்தாலும் பானு சொன்னதுதான் சரி என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு அவன் எதிரில் போய் நின்றாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உஷ், பேசாத."

இளம்பரிதி பெட்டியில் காதை வைத்துக்கொண்டிருந்தான். அவளும் குனிந்தாள். கீச் என்றது. பிரமை என்று நினைத்தாள். மறுபடி கீச் என்றது. பெட்டி மூடியில் பதித்திருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஒரு முட்டையில் ஓட்டை விழுந்து குட்டி மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

மதியத்துக்குள் ஒன்பது குஞ்சுகள். ஈரம் காய்ந்து பஞ்சு பஞ்சாக உருண்டன. மேகலா தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எப்படி வந்தால் என்ன, வந்துவிட்டன. இளம்பரிதி போனை எடுத்து, "ஓசூருக்கு வேற ஆளைப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தான். ஆடிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவள் இப்போதுதான் கேட்கிறாள். நெஞ்சில் இருந்த பாரம் மொத்தமாக இறங்கிவிட்டது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஏங்க, இது எப்படிங்க பொரிச்சுது? நாள்தான் தாண்டிடுச்சே."

"எங்க தாண்டுச்சு? கரெக்ட் டயத்துக்குதான் பொரிச்சிருக்கு." அவன் கொஞ்சம் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான். "சொன்னா நீயும் சிரிப்பியேன்னு சொல்லல. எந்தக் கம்பெனியிலயாவது சாம்பிள் ஓட்டாம நேரா புரொடக்‌ஷன் போவாங்களா? சூடு நிக்குதான்னு பாக்க மொத நாலு நாள் முனைக் கடை முட்டைதான் வெச்சேன். அப்புறம் நீ வேலைக்குப் போயிருந்தப்ப, அக்காகிட்ட போய் நல்ல முட்டைய வாங்கியாந்து மாத்திட்டேன்."

மேகலாவுக்குச் சிரிப்பதா, அவன் முதுகில் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. "அப்ப அந்தச் சாம்பிள் முட்டைங்கள இன்னா பண்ணீங்க?"

"வீணாவா போடுவேன்? சமையல்கட்டு கூடையில வெச்சேன். நீதானே தொக்கு பண்ணி எனக்கும் போட்டுட்டு, டிபன்லயும் எடுத்துட்டுப் போன."