எட்டில் நிற்காத ஊசி

“அத்தான், குழாயை எல்லாம் கழட்டி வச்சிருங்க. நாளைக்கு வண்டியோட வந்து கம்ப்ரஸரைத் தூக்கிட்டுப் போறேன்.”

மாமா இதே வார்த்தைகளில்தான் சொன்னாரா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. நாளாக ஆக நினைவு தானாகவே வசனம் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அன்று காலை காற்றழுத்தமானியின் ஊசி ஐந்தில் கிடந்தது நன்றாக நினைவிருக்கிறது.

ஓய்வு பெற்றதும் அப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டை மரவேலைப் பட்டறை ஆக்கியிருந்தார். நாற்காலிகளுக்கு வார்னிஷ் தெளிக்க ஒரு கம்ப்ரஸர். அதிலிருந்து சுவரோடு ஓடும் காற்றுக் குழாய். கதவுப் பக்கம், டயருக்குக் காற்றடிக்க ஒரு ஹோஸ். எல்லாம் அவரே மாட்டியது.

மாலையில் குழாயில் காற்றை ஏற்றி, டாங்க் வால்வை மூடிவிடுவார். ஊசி எட்டில் நிற்கும். காலையில் பார்த்தால் ஐந்து. ஒரு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் கம்ப்ரஸர் மாமாவுக்கே என்று வீம்பாக வாயை வேறு விட்டிருந்தார்.

“எங்கேயோ ஒழுகுது மச்சான்.”

“சோப்பு நுரை தடவிப் பாத்தீங்களா?”

“குழாயைக் குளிப்பாட்டியே விட்டுட்டேன். ஒரு குமிழி வரல.”

மெக்கானிக்கான மாமா, சுவரோரம் நின்ற என் பழைய சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து காலை ஆட்டினார். “நாளையோட ஒரு வாரம். பேசின பேச்சு பேச்சுதானே அத்தான்?”

அப்பா ஸ்பானரைத் துடைத்து வைத்தார். மறுபடி எடுத்துத் துடைத்தார்.

அம்மா நொண்டியபடி டீ கொண்டுவந்தாள். முழங்காலில் பிளாஸ்திரி.

“என்னக்கா காலுல?”

“படி தடுக்கிருச்சு. நீ ஏன்டா அவரை வாட்டுற? இது போயிட்டா மனுஷன் நாள் முழுக்க என் சமையலறையில வந்து டப்பா அடுக்குவாரு. நாளைக்கு ஊசி நிக்கும், பாரு.”

“ஜோசியம் வேற ஆரம்பிச்சிட்டியா?”

அன்று முழுவதும் அப்பா ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து, டேப் சுற்றி, இறுக்கினார்.

மறுநாள் காலை ஊசி எட்டிலேயே நின்றது. மயிரிழைகூட இறங்கவில்லை.

“கடைசி இணைப்புலதான் ஒளிஞ்சிருந்திருக்கான், திருட்டுப்பய!” அப்பா குழாயைத் தட்டிக்கொடுத்தார்.

மாமா பெருமூச்சு விட்டபடி மறுபடி கேரியரில் உட்கார்ந்தார். ‘டங்’ என்று ரிம் தரையில் இடித்தது.

“நேத்து கல்லு மாதிரி இருந்துச்சே இந்த டயர்!” குனிந்து அழுத்திப் பார்த்தார். “பஞ்சர். தினமும் காத்தடிச்சாத்தான் ஓடும். யாரு இதை ஓட்டுறது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவின் முழங்காலைப் பார்த்தேன்.

“விழுந்தா சிரிப்பீங்கன்னுதான், நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஓட்டிப் பழகினேன்” என்றாள் அம்மா. “ஹோஸ் வேற கதவுகிட்டயே காத்தடிச்சுக்க வசதியா இருந்துச்சு. இன்னிக்கு மட்டும் லீவு விட்டேன்.”

மாமா பஞ்சர் ஒட்டிக் கொடுத்தார். கம்ப்ரஸர் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டது. அம்மா இப்போது கடைக்குச் சைக்கிளில்தான் போகிறாள். அப்பா ஒரு வாரம் கழற்றிக் கழற்றி மாட்டிய அந்தக் குழாயில் ஒழுகல் என்று ஒன்று இருந்ததே இல்லை.